அந்த அறையில் நீல விளக்கே இல்லை

வேலையிடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேல்வீடு என்பார்கள். டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் காலையில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவாள். அதனால் ஒட்டிக்கொண்ட பேர். அவள் புருஷன் கீழே நின்று சைகை காட்டுகிறவன். கொக்கியில் சுமையை மாட்டி, எங்கே தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று கையால் சொல்வது அவன் வேலை. மேலே ஒரு வீடு இருந்தால் கீழே ஒன்று இருக்கத்தானே வேண்டும்? அவன் கீழ்வீடு ஆனான். ரேடியோவில் அவர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள், கல்யாணத்துக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி. ரேடியோவிலும் சண்டையிலும் அவனுக்கு 'நீ'. வெளியாட்கள் முன்னால் மட்டும் 'நீங்க'.

கிரேன் வேலையைப் பற்றி வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பாதி நேரம் ஓட்டுகிறவளுக்குச் சுமையே தெரியாது. கட்டடத்தின் மறுபக்கம், சுவருக்கு அப்பால், இரும்புக் கட்டு இறங்கிக்கொண்டிருக்கும். விளிம்பில் நிற்கிற ஒருவனின் கை மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அந்தக் கையை நம்பி லீவரைத் தள்ள வேண்டும். கை தப்பாகச் சொன்னால் கீழே ஒருவன் நசுங்குவான். அதனால் அந்த வேலையில் மாற்ற முடியாத சட்டம் ஒன்று இருக்கிறது: நகர்த்தச் சொல்ல ஒருவனுக்குத்தான் அதிகாரம், நிறுத்தச் சொல்ல எல்லாருக்கும் உண்டு. டீ கொண்டு வருகிறவன் கையைத் தூக்கினாலும் நிறுத்தியே தீர வேண்டும்.

அவனுக்கு முன்னால் எத்தனையோ சைகைக்காரர்களைப் பார்த்தவள் அவள். ஒருவன் போனை நோண்டிக்கொண்டே கை காட்டுவான். இன்னொருவனுக்குப் பொம்பளை ஓட்டுகிறாள் என்பதே சிரிப்பு. இவன் வந்த புதிதில் ஒரு நாள், சுமை பாதி இறங்கியபோது தானே கையை நீட்டி நிறுத்தினான். "மேல்வீடு, நான் தப்பாக் கட்டிட்டேன். திரும்பத் தூக்கு" என்று ரேடியோவில் எல்லார் காதிலும் விழச் சொன்னான். மேஸ்திரி அவனைத் திட்டித் தீர்த்தார். மேலே உட்கார்ந்திருந்தவள் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள், கட்டினால் இவனைத்தான் என்று.

நோய் மூக்கில் ஆரம்பித்தது. வலது பக்கம் மட்டும் அவ்வப்போது ரத்தம் வந்தது. உயரத்தில் காற்று வறட்சி, அதனால்தான் என்று விட்டுவிட்டாள். பிறகு ஒரு நாள் கூண்டுக்குள், அவள் சீட்டுக்குப் பின்னால், வயர் கருகி நாறுகிறது, இவள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறாள். மாற்று ஆள் ஏறி வந்து கதவைத் திறந்தவன், "என்னக்கா, உள்ள அடுப்பு மூட்டியிருக்கியா?" என்று கத்தினான். வாசனை அவளைவிட்டுப் போயிருந்தது, சொல்லிக்கொள்ளாமல்.

மூக்கின் கூரையில், வாசனை நரம்பு தொடங்கும் இடத்தில் புற்றுநோய். மிக மிக அபூர்வமாக வருவது என்று கதிர்வீச்சுப் பிரிவின் டாக்டரம்மா சொன்னார். "அபூர்வமாம்ல" என்றான் கீழ்வீடு, வெளியே வந்ததும். "எதுலயும் எல்லாருக்கும் மேல இருக்கணும் உனக்கு." இருவரும் மருத்துவமனை வராந்தாவில் நின்று பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவன் அழுதான். அவள்தான் தேற்றினாள்.

அறுவை சிகிச்சையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் மட்டும் வலது கண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதற்குத்தான் புரோட்டான் சிகிச்சை. சாதாரணக் கதிர் தலைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே போகும், போகிற வழியெல்லாம் சுடும் என்று டாக்டரம்மா விளக்கினார். இது துகள். குறித்த ஆழம் வரை போகும், கொண்டுபோன சக்தியை அங்கே கொட்டும், நின்றுவிடும். "எங்க நிக்கணும்னு நாம சொல்றோமோ, அங்க நிக்கும்."

கட்டிலில் படுத்துக் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ இது எங்க வேலைதான் டாக்டரம்மா. தூக்கிட்டுப் போறது பெரிசே இல்ல. எறக்குற எடம்தான்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். நோய் வந்த நாளிலிருந்து அவளுக்கு முதல் தடவையாகத் தைரியம் வந்தது அன்றைக்குத்தான். எங்கே நிற்க வேண்டும் என்று அந்தத் துகளுக்கு யார் சொல்வது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

சிகிச்சைத் திட்டம் முடிவான நாளில் அவள் மூக்கில் பஞ்சு அடைத்து, தலை பாரமாகி, வராந்தா பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். "நான் போய்ப் பேசிட்டு வரேன், நீ படு" என்று அவன் மட்டும் உள்ளே போனான். போனவன் வெகுநேரம் வரவே இல்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தான், சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

"என்னவாம்?"

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். "அதைத்தான் முதல்ல கேட்டேன். கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதாம்."

சொல்லிவிட்டு வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினான். எல்லாம் சரி, இறக்கலாம். அந்தச் சைகைக்கு அவள் எத்தனை ஆயிரம் தடவை லீவரைத் தள்ளியிருப்பாள்! அப்புறம் அவன் மறுபடியும் ஒரு தடவை உள்ளே போனான், அவளையும் கூப்பிட்டார்கள். "வீட்டுக்காரர் எல்லாம் விளக்கமாச் சொன்னாரா? சம்மதம்தானே?" என்றார் டாக்டரம்மா. "சொன்னார், சம்மதம்" என்றாள் இவள். "முழுசாச் சொன்னாரா?" என்று மறுபடியும் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. இவரென்ன, என் ஆளைச் சந்தேகப்படுகிறார்? "அவர் சொன்னா முழுசாத்தான் இருக்கும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, அவன் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

முகமூடி செய்தார்கள். வெந்நீரில் போட்டு இளகவைத்த பிளாஸ்டிக் வலையை முகத்தில் போர்த்தி, ஆறும்வரை அமுக்கிப் பிடித்தார்கள். இறுகியதும் அது அவள் முகமாகவே ஆகிவிட்டது, நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் அச்சு அசலாக. தினமும் அதை மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள், இம்மி அசைய முடியாது. அறைக்கு வெளியே அலமாரியில் எல்லார் முகங்களும் வரிசையாக இருந்தன. "நாமெல்லாம் இங்க அலமாரியில இருக்கோம்மா. வெளியில உக்காந்திருக்கிறது சும்மா உடம்புதான்" என்பார், மண்டையோட்டு அடியில் கட்டி வந்து தினமும் அவளுக்கு முன்னால் சிகிச்சைக்கு வரும் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு எல்லாமே நக்கல்தான்.

எந்திரம் ஒன்று, அறைகள் பல. ஓர் அறைக்குக் கதிர் போகும்போது மற்ற அறைக்காரர்கள் முகத்தைப் பூட்டியபடி காத்துக் கிடக்க வேண்டும். "பீம் பக்கத்து ரூம்ல இருக்குக்கா, இப்ப வந்துடும்" என்று ஒலிபெருக்கியில் டெக்னீஷியன் பெண் சொல்வாள், யாரோ விருந்தாளி வருகிற மாதிரி. வந்ததும் மூடிய கண்ணுக்குள், வலது பக்கத்தில், ஒரு நீல வெளிச்சம் எழும். மினுக்கும், பரவும், அடங்கும். வலி கிடையாது, சத்தமும் கிடையாது.

முதல் நாளே அதை வீட்டில் சொன்னாள். "வெல்டிங் வெளிச்சம் மாதிரி, ஆனா அதைவிடச் சுத்தமான நீலம்."

"மெஷின் ஓடுதுன்னு காட்ட லைட் வெச்சிருப்பாங்க" என்றான், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. கிரேன் உச்சியில்கூடச் சிவப்பு விளக்கு இருக்கிறதே.

நாட்கள் போயின. வலது புருவம் உதிர்ந்தது, கன்னத்துத் தோல் கருத்து உரிந்தது, வாய் வெந்து எதை விழுங்கினாலும் எரிந்தது. சைட்டிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள், பழம் வாங்கி வந்தார்கள். சீக்கிரம் வந்து ஏறிக்கோ என்றார்கள். சொல்லும்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோல் உரிந்த முகம், பார்க்கக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தனக்குச் சாதகமாக நினைத்துக்கொள்ள நமக்கெல்லாம் சொல்லியா தர வேண்டும்?

சிகிச்சை பாதியைத் தாண்டியிருந்த சமயம், ஒரு நாள் கொடியில் அவளுடைய மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. கூண்டில் அவள் உட்காரும் சின்ன மெத்தை. முதுகு வலிக்கு ஏற்றபடி ஒரு பக்கம் தடிப்பாக அவளே தைத்தது. வாசலில் ஒரு பைக்குள் கூண்டுக்குள் அவள் போடும் செருப்பு, தண்ணீர் பாட்டில், முகம் பார்க்கும் கண்ணாடி.

"இதெல்லாம் ஏன் இங்க?"

"ஒரே தூசி. துவைக்கலாம்னு கொண்டுவந்தேன்."

குடித்த டம்ளரைக் கழுவாதவன் மெத்தை துவைக்கிறான். நோய் வந்தால் புருஷன்மார்கள் திருந்திவிடுவார்கள் போலிருக்கிறது என்று தபால்காரரிடம் சொல்லிச் சிரித்தாள். மெத்தை காய்ந்தது. மடித்து அலமாரிக்குள் போனது. திரும்பிப் போகவே இல்லை.

மறுநாளைக்கு மறுநாளோ என்னவோ, சிகிச்சை முடிந்து முகத்தைத் திறந்துவிட்டபோது அவள் டெக்னீஷியன் பெண்ணிடம் சொன்னாள், "நாளைக்கு அந்த நீல லைட்டைக் கொஞ்சம் அணைச்சு வைம்மா. கண்ணு கூசுது."

"எந்த நீல லைட்டுக்கா?"

"மெஷின் ஓடும்போது போடுறீங்களே, அது."

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். "இந்த ரூம்ல நீல லைட்டே இல்லையேக்கா." பிறகு புரிந்துகொண்டு சிரித்தாள். "ஓ, அதுவா! அது லைட்டு இல்லக்கா. பீம் கண் நரம்புல படும்போது உள்ளுக்குள்ள அப்படித் தெரியும். உங்களை மாதிரி கண்ணையும் சேர்த்துப் பிளான் போட்டிருக்கிறவங்க நிறையப் பேர் சொல்வாங்க."

"என் கண்ணை விட்டுட்டுத்தானே பிளான் போட்டிருக்கு?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்கக்கா" என்றாள், முகமூடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டு.

அவள் மேசையிலிருந்து இறங்கினாள். அறையில் இல்லாத விளக்கை இத்தனை நாளாகப் பார்த்திருக்கிறாள். எரிந்துகொண்டிருந்தது அவளுடைய கண். உடை மாற்றாமல், மருத்துவமனை அங்கியோடு, முகத்தில் வலையின் தடம் பதிந்தபடியே டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தாள். கீழ்வீடு டீ குடிக்கப் போயிருந்தான்.

"அந்தக் கதிரு என் கண்ணு மேல படுதா?"

"உக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்கறேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணு மேல இல்ல. அதுக்குப் பின்னால இருக்கற நரம்பு மேல. கட்டியோட மிச்சம் அதுலதான் ஒட்டியிருக்கு, அதனால நரம்பையும் சேர்த்துத்தான் அடிக்கறோம். அந்தக் கண்ணுல பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும், ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு. இதையெல்லாம் வீட்டுக்காரர் உங்ககிட்ட..."

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னார்."

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நரம்பையும் சேர்த்து முழு அளவு கொடுப்பது. கண் போகும், நோய் திரும்பாமலிருக்க நல்ல வாய்ப்பு. இன்னொன்று, நரம்புக்கு முன்னாலேயே கதிரை நிறுத்திக்கொள்வது. கண் பெரும்பாலும் தப்பும், ஆனால் மிச்சம் மறுபடியும் வளரலாம். மூளைக்குப் பக்கத்தில் வளர்ந்தால் செய்ய அதிகமில்லை. "எது வேணும்னு உங்ககிட்டதான் கேக்கணும்னு சொன்னேன். நீங்க சொன்னா அவ உடைஞ்சு போயிடுவா, நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்னு அழுதார். மறுபடி வந்து, உங்ககிட்ட சொல்லிட்டதாவும், முழுசாவே குடுத்துடுங்கன்னு நீங்க சொன்னதாவும் சொன்னார். நான் உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன்."

"கேட்டீங்க."

"கேட்டேன். ஆனா சொல்லல. என் வாயால உங்ககிட்ட நேராச் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

சண்டை போட வந்தவள் அவள். தப்பை ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் என்ன சண்டை போடுவது? அவர் சொன்னால் முழுசாத்தான் இருக்கும் என்று வெடுக்கென்று சொன்ன வாய் யாருடையது? அந்த வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஒத்தக் கண்ணோட கிரேன் ஓட்ட விடுவாங்களா?"

"தகுதிச் சான்று தர மாட்டாங்க. தூரம் கணிக்க ரெண்டு கண்ணும் வேணும். ஆனா இன்னும் எதுவும் கைமீறிப் போகல" என்றார் டாக்டரம்மா. "இதுவரைக்கும் போன அளவை அந்த நரம்பு தாங்கிக்கும். மிச்ச நாளுக்குப் பிளானை மாத்தி நரம்பை விட்டுடலாம். இல்ல, இப்படியே போகலாம். ஆனா நடுவுல நாள் விடக் கூடாது. நாளைக்குக் காலையில சொல்லுங்க. இந்தத் தடவை நீங்க சொல்லுங்க."

வராந்தாவுக்கு வந்து மேஸ்திரிக்குப் போன் போட்டாள். நலம் விசாரிக்க விடவில்லை. "என் மெத்தையைக் கூண்டுலேருந்து யார் எறக்கினது?"

அந்தப் பக்கம் கான்கிரீட் கலவை எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. "கீழ்வீடுதாம்மா" என்றார் கடைசியில். "புது ஆளு சேர்ந்துட்டான்ல. நீ இனி ஏற மாட்டேன்னு கீழ்வீடு முன்னாடியே சொல்லிட்டான்... உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டான். நாங்க என்னம்மா பண்ணுவோம்?"

"நாங்கன்னா?"

"சைட்ல எல்லாருக்கும் தெரியும்மா."

போனை வைத்துவிட்டாள். எல்லாருக்கும் தெரியும். பழம் வாங்கி வந்தார்களே, அத்தனை பேருக்கும். கீழே நிற்கிற அத்தனை பேருக்கும் சுமை எங்கே இறங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. மேலே உட்கார்ந்திருந்த ஒருத்திக்குத்தான் தெரியவில்லை. நிறுத்து என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. ஒரு பயல்கூடக் கையைத் தூக்கவில்லை.

வீடு வந்து சேரும்வரை அவனிடம் எதுவும் பேசவில்லை. வாய் எரிகிறது போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தான். வெயில் முகத்தில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டே வந்தான். அந்த அக்கறையைப் பார்க்கச் சகிக்காமல் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் அலமாரியைத் திறந்து மெத்தையை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

"என் சீட்டை யாருக்குக் குடுத்த?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "யார் சொன்னா?" என்றான். என்ன ஏது என்று கேட்கவில்லை, யார் சொன்னா என்று கேட்டான். அவளுக்கு அது ஒன்றே போதும்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே."

"எனக்கு வேற வழி தெரியல. சத்தியமாத் தெரியல."

"ரெண்டு வழி இருந்துச்சு. எண்ணிச் சொல்லியிருக்காங்க உன்கிட்ட."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அணை உடைந்த மாதிரி கொட்டினான். "உன்கிட்ட சொல்லியிருந்தா நீ கண்ணைத்தான் கேட்டிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை? அந்தக் கூண்டுதான் உனக்கு உசிரு. வீட்டுல இருக்கும்போதும் உன் மனசு அங்கதான். கண்ணைக் காப்பாத்துங்கன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேந்துட்டா, நான் என்ன பண்ணுவேன்? எனக்கு யாரு இருக்கா?"

"கேட்டியா?"

"கேட்டா நீ என்ன சொல்லுவியோன்னு பயம்."

"கேட்டியான்னு கேட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"செவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நீ சொல்றதை நம்பித்தான் இத்தனை வருஷமும் எறக்கினேன். ஒரு நாளாவது நிஜமாவான்னு திருப்பிக் கேட்டிருக்கேனா?"

"அது வேற, இது வேறம்மா."

"வேறதான். அங்க மத்தவன் உசிரு. அதுல பொய் சொல்ல உனக்குக் கை வரல. என்னோடதுன்னா வந்துடுச்சு."

அவன் எழுந்து வந்து அவள் காலைத் தொடப் போனான். நகர்ந்துகொண்டாள். கோபத்தில் அவனை நாலு அறை அறைந்திருந்தால்கூட இருவருக்கும் லேசாகியிருக்கும். அவளுக்குக் கை ஓங்கவில்லை. யாரோ தெரியாத ஆள் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

மொட்டை மாடிக்குப் போனாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. துணி காயும் கொடியில் ஒரு கிளிப் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கையை நீட்டி அந்தக் கிளிப்பைப் பிடிக்கப் பார்த்தாள். கை ஒரு சாண் முன்னால் வெறும் காற்றைப் பிடித்தது. மறுபடியும் நீட்டினாள், இந்தத் தடவை தாண்டிப் போனது. தூரத்தில், கட்டடங்களுக்கு மேலே, அவளுடைய கிரேன் தெரிந்தது. நீளக் கை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. யாரோ ஓட்டுகிறான். திருப்பத்தில் வெட்டி வெட்டி இழுக்கிறான், பழக்கம் போதாது.

அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். கண்ணீர் பட்ட இடமெல்லாம் உரிந்த தோல் எரிந்தது. பிறகு யோசித்தாள். யோசிக்க அப்படியொன்றும் இல்லை. அவளுக்குச் சாகப் பிடிக்கவில்லை. கூண்டு வேண்டும்தான், ரொம்ப வேண்டும். ஆனால் அதைவிடக் காலையில் எழுந்திருப்பது வேண்டும், எரிச்சல் ஆறி வாய்க்கு ருசியாக ஒரு வாய் சாப்பிடுவது வேண்டும், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் முடிந்து விளக்குப் போடுவதைக் கீழே நின்றாவது பார்க்க வேண்டும். கேட்டிருந்தால் அன்றைக்கே, மூக்கில் பஞ்சோடு, பெஞ்சில் படுத்தபடியே சொல்லியிருப்பாள். கண்ணை எடுத்துக்கோங்க என்று அவளே சொல்லியிருப்பாள். இத்தனை வருஷம் கூட இருந்தவனுக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு கேள்வி கேட்டால் போதும், அதைக் கேட்கவில்லை. கண் போவதைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொள்வாள் போலிருந்தது, இதுதான் ஆறவில்லை.

பிளானை இன்னும் மாற்றலாம், எது வேண்டுமென்று டாக்டரம்மா தன்னிடம் கேட்டிருக்கிறார் என்று மட்டும் காலையில் அவனிடம் சொன்னாள். மருத்துவமனையில் அவளை உள்ளே கூப்பிட்டபோது அவனும் கூடவே எழுந்தான். "நீங்க இங்கயே இருங்க" என்றாள். அந்த 'நீங்க'வைக் கேட்டு அவன் அப்படியே நின்றுவிட்டான். பக்கத்தில் வெளியாள் யாரும் இல்லை.

டாக்டரம்மாவின் அறையில் இன்று உட்கார்ந்துகொண்டாள்.

"முதல்ல போட்டதே இருக்கட்டும். நரம்பையும் சேர்த்தே அடிங்க."

"நல்லா யோசிச்சீங்களா? பார்வை திரும்ப வராது."

"தெரியும். கிரேன் திரும்ப வராதுன்னும் தெரியும். யாரும் சொல்லிக் குடுக்கல, நானே சொல்றேன்."

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தார். "வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா? அவருக்கும் தெரியணும்ல?" என்றார்.

"வேண்டாம் டாக்டரம்மா. நீங்க சொன்னா உடைஞ்சு போயிடுவார்" என்றாள் அவள். "நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

அந்த வார்த்தைகளை டாக்டரம்மா இதே நாற்காலியில் உட்கார்ந்து ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறார். பிடித்திருந்த கையை மெல்ல விட்டார். சரி என்று தலையை அசைத்தார்.

முகத்தைப் பூட்டினார்கள். "பீம் பக்கத்து ரூம்ல இருக்குக்கா" என்றது ஒலிபெருக்கி. இருக்கட்டும், வரட்டும் என்று படுத்திருந்தாள். வந்தது. அதே நீலம், வலது பக்கத்தில் எழுந்து, மினுக்கி, பரவியது. இன்றைக்கு அது என்னவென்று தெரிந்து, தானே வரச் சொல்லி, முழுக்கப் பார்த்தாள். முகமூடிக்குள் கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க முடியாது, அசையவும் கூடாது. அசையவில்லை.

வெளியே வந்தபோது அவன் பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். ஒரே ராத்திரியில் கிழடு தட்டியிருந்தது.

"என்ன சொன்ன?" என்றான். "டாக்டர்கிட்ட எதைச் சொன்ன?"

அவள் நிதானமாகத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெஞ்சைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான். "அப்போ நரம்பை விட்டுடச் சொல்லிட்டியா? திரும்ப வந்துட்டா? ஐயோ, நிஜமாவா சொல்ற?" என்றான். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். நிஜமா பொய்யா என்று தெரிந்துகொள்ள அவன் அவளுடைய வலது கையைப் பார்த்தான், மேலே உட்கார்ந்து அவள் எப்போதும் அவன் கையைப் பார்த்த மாதிரி. அந்தக் கை பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எழுந்திருங்க" என்றாள். "பஸ் போயிடும்."